கார் கிடைத்தது... ஆள் கிடைக்க ஒன்பது நாள் ஏன்? வையம்பட்டியிலிருந்து கின்னோர் வரை ஒரு பயணம்

“கார் கெடச்சிருச்சுங்கிறாங்க. கூடப் போனவரு ஆஸ்பத்திரியில இருக்காருங்கிறாங்க. அப்புறம் அவர மட்டும் எப்படிடி காணோம்பாங்க? ஆத்துலதானே விழுந்தாரு, தேடுனா கெடைக்க மாட்டாரா?”

2024 பிப்ரவரி முதல் வாரத்தில், வையம்பட்டியிலிருந்து அம்மா போனில் கேட்ட கேள்வி இது. நான் டிஜிட்டல் டெஸ்க்கில் இரவுப் பணியில் இருந்தேன். என் முன்னால் இருந்த திரையில் அதே செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை முன்னாள் மேயர் சைதை துரைசாமியின் மகனும், ‘என்றாவது ஒரு நாள்’ படத்தின் இயக்குநருமான வெற்றி துரைசாமி சென்ற கார், ஹிமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்தில் சட்லஜ் ஆற்றுக்குள் கவிழ்ந்துவிட்டது. நடந்தது பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. கார் கிடைத்தது. ஓட்டுநர் இறந்துவிட்டார். உடன் சென்ற நண்பர் காயங்களோடு மீட்கப்பட்டார். வெற்றியை மட்டும் காணவில்லை.

அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. “தேடிட்டு இருக்காங்கம்மா” என்று சொல்லி போனை வைத்துவிட்டு, “தேடுதல் பணி தீவிரம்” என்று டைப் அடித்தேன். மறுநாளும் அதையே அடித்தேன். அதற்கு மறுநாளும். தகவல் தருபவருக்கு ஒரு கோடி ரூபாய் என்று அந்த அப்பா அறிவித்த செய்தியைப் பதிவேற்றியபோதுதான் கை கொஞ்சம் நின்றது. பணம் கொடுத்தால் கிடைக்கிற இடத்திலா இருக்கிறார்? அப்படி என்னதான் இடம் அது?

பிப்ரவரி 12, திங்கட்கிழமை வெற்றியின் உடல் கிடைத்தது. செய்தி முடிந்துவிட்டது. ஆனால், அம்மாவின் கேள்வி முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு இரண்டு தோழிகளோடு கின்னோருக்குக் கிளம்பினேன்.

கண்ணுக்குத் தெரியாத பள்ளம்

மலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் எந்த நிலத்திலிருந்து போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில், மணப்பாறையைத் தாண்டி வருவது வையம்பட்டி. ரயிலில் போகிறவர்கள் மணப்பாறையில் முறுக்கு வாங்கி, பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் எங்கள் ஊர் ஸ்டேஷன் கடந்துவிடும். ஒரு பக்கம் கடவூர் மலைகள். மலை அடிவாரத்தில் பொன்னணியாறு அணை. மற்றபடி சோளம், கடலை, முருங்கை, ஆடு, மாடு, வெயில். மழை வந்தால் சாப்பாடு, வராவிட்டால் போர் போடுவது. எங்கள் நிலத்தின் வாழ்க்கை அவ்வளவுதான்.

சமதளமான, சாதுவான ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊரில் ஆபத்து மேலே இல்லை, கீழே இருக்கிறது. சாலையை ஒட்டிய கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத, ஓரத்தில் கோரையும் வேலிக்கருவையும் மண்டிய, முப்பது நாற்பது அடி அகலக் கிணறு. பகலில் பார்த்தால் செடி, ராத்திரியில் பார்த்தால் இருட்டு.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது. சென்னையிலிருந்து மாமா புது கார் வாங்கிக்கொண்டு முதல்முறையாக எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார். ராத்திரி ஒன்பது மணி, கரண்ட் இல்லை. மண் பாதையில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஹெட்லைட் வெளிச்சம் கிணற்றுப் பக்கம் திரும்புவதைப் பார்த்து, அப்பாயி திண்ணையிலிருந்தே கத்தியது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்குக் குறுக்கே ஓடினார். கார் நின்ற இடத்துக்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவில் நான்கு முழம்கூட இல்லை. மாமா இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்த கிணறு அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மலைக்குள்ளே ஒரு நாள் பஸ்

டெல்லி, சண்டிகர், சிம்லா என்று போய், சிம்லாவில் விடியற்காலை அரசு பஸ் ஏறினோம். கின்னோர் மாவட்டத் தலைநகரம் ரெக்காங் பியோ. உள்ளூர்க்காரர்கள் வெறுமனே ‘பியோ’ என்கிறார்கள். சிம்லாவிலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் ஊரில் அதை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அங்கே பொழுது சாயும்வரை ஆனது.

நார்கண்டா என்ற ஊர்வரை தேவதாரு மரங்கள், குளிர், பஜ்ஜி வாசம் என்று கொடைக்கானல் போலவே இருந்தது. அதன்பிறகு சாலை கீழே இறங்கி சட்லஜ் ஆற்றைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஆறும் சாலையும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே போகின்றன. சில இடத்தில் ஆறு பக்கத்தில் இருக்கிறது. சில இடத்தில் ஜன்னலுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் வெள்ளைக் கயிறு போல எங்கோ ஆழத்தில் கிடக்கிறது.

சட்லஜ் பிறப்பது திபெத்தில், மானசரோவருக்குப் பக்கத்தில் உள்ள ராட்சஸ்தால் ஏரிப் பகுதியில். ஷிப்கி லா கணவாய்ப் பக்கம் இந்தியாவுக்குள் வருகிறது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறும், கர்ச்சம் என்ற இடத்தில் பாஸ்பா ஆறும் வந்து சேர்கின்றன. உயரத்திலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீர் என்பதால் வழிநெடுக மின் திட்டங்கள். கர்ச்சம் வாங்டூ, நாத்பா ஜாக்ரி என்று பெயர்ப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. நாத்பா ஜாக்ரி மட்டும் 1,500 மெகாவாட். அவ்வளவு மின்சாரம் எடுக்கும் அளவுக்கு அந்தத் தண்ணீரில் வேகம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கின்னோருக்குள் நுழையும்போது சாலை மலையின் மேல் போவதில்லை. மலைக்குள்ளேயே போகிறது. பாறையைக் குடைந்து, தலைக்கு மேலேயும் பாறை நிற்க, பஸ் அதன் வாய்க்குள் நுழைந்து வருகிறது. இந்துஸ்தான் - திபெத் சாலை என்ற பெயரில் 1850-ல் டல்ஹௌசி காலத்தில் ஆங்கிலேயர்கள் தொடங்கிய பாதையின் வாரிசு இது. இன்று தேசிய நெடுஞ்சாலை 5.

தராண்டா என்ற இடத்தில் செங்குத்துப் பாறை ஓரம் ஒரு அம்மன் கோயில். டிரைவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். எங்கள் பக்கம் முனியப்பன் கோயில் வாசலில் லாரிக்காரர்கள் நிறுத்தி சூடம் கொளுத்துவார்களே, அதேதான். எங்கே பயப்பட வேண்டும் என்பதை ஊர்க்காரர்கள் கோயிலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கல் எப்போது விழும்?

பியோவில் தங்கிய விடுதியின் ஜன்னலைத் திறந்தால் எதிரே கின்னோர் கைலாசம், 6,000 மீட்டருக்கு மேல், பனியோடு. தெருவில் எல்லோர் தலையிலும் பச்சை வெல்வெட் மடிப்பு வைத்த தொப்பி. ஆப்பிள் அறுவடைக் காலம் என்பதால் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. “இவ்வளவு அழகான ஊர்லயா?” என்றாள் தோழி.

நாங்கள் பேசிவைத்த டாக்ஸியின் டிரைவர் உள்ளூர்க்காரர். கிளம்புவதற்கு முன்னால் அவர் போட்ட முதல் கண்டிஷன்: “காலையில் ஏழு மணிக்குக் கிளம்பணும். மதியத்துக்குள் திரும்பிடணும்.” என் அரைகுறை ஹிந்தியில் ஏன் என்று கேட்டேன். மேலே மலையைக் காட்டி, “அது எழுந்துக்கும்” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது அறிவியல்தான். பாறை விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் ராத்திரிக் குளிரில் உறைகிறது. உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிவடைந்து, ஆப்பு வைத்தது போலப் பாறையைப் பிளக்கிறது. ராத்திரி முழுக்க அந்தப் பனிக்கட்டியே பசையாக ஒட்டி வைத்திருக்கும். காலை வெயில் ஏறி அது உருகியதும் பிடி விட்டுப்போகிறது. கல் கிளம்புகிறது. மேலிருந்து உருண்டு வரும் கல்லுக்குக் கீழே போகிறது கார்தானா, பஸ்தானா என்று தெரியாது.

இமயமலை புவியியல் கணக்கில் சின்னப்பிள்ளை. ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியபோது எழும்பத் தொடங்கி, இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கிறது. நொறுங்கிய, விரிசல் விட்ட பாறை. அதற்கு மேலே மழை, பனி, நிலநடுக்கம். கூடவே சாலைக்கும் சுரங்கத்துக்கும் வைத்த வெடி.

2021 ஜூலை 25-ல் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் சுற்றுலாப் பயணிகளின் வண்டி மேல் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பாலமே உடைந்து ஆற்றில் விழுந்தது. 17 நாள் கழித்து, ஆகஸ்ட் 11-ல் நிகுல்சாரியில் மலைச்சரிவே இறங்கி, அரசு பஸ் உள்ளிட்ட வண்டிகளை மூடியது. 28 பேர் இறந்தார்கள். நாங்கள் முந்தின நாள் பஸ்ஸில் நிகுல்சாரியைக் கடந்தபோது நான் அரைத் தூக்கத்தில் இருந்திருக்கிறேன். டிரைவர் மட்டும் ஹாரன் அடிக்காமல், மெதுவாக, கண்ணை மேலே வைத்துக்கொண்டு ஓட்டியது நினைவிருக்கிறது.

காஷங் ஓடைப் பக்கம்

வெற்றி சென்ற கார் விழுந்தது காஷங் ஓடைப் பகுதியில். பியோவிலிருந்து மலை இறங்கி, போவாரியில் நெடுஞ்சாலையைப் பிடித்து மேலே காசா திசையில் போனால் வரும். பாங்கி என்ற ஊரின் கீழே, பக்கவாட்டு மலையிலிருந்து இறங்கும் ஓடை சட்லஜில் சேரும் இடம்.

நாங்கள் போன அன்று நல்ல வெயில். சாலை காய்ந்திருந்தது. தார் நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. படத்தில் பார்ப்பதுபோல மிரட்டும் சாலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது சாதாரண சாலை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் தடுப்பு. தடுப்பு சில இடத்தில் இரும்பு, சில இடத்தில் கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்த சிறு சுவர், சில இடத்தில் கல் விழுந்து உடைந்து ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத இடத்தில் டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது டிரைவரின் கவனம் மட்டும்.

ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களை டிரைவர் காட்டினார். குளிர்காலத்தில் பாறையிலிருந்து கசியும் தண்ணீர் சாலையில் பரவி, நிழல் விழும் வளைவில் கண்ணாடிபோல உறைந்துவிடுமாம். தார் நிறத்திலேயே இருப்பதால் பனி என்றே தெரியாது. மதியம் பன்னிரண்டு மணி வெயிலிலும் அந்த ஒரு வளைவு மட்டும் உறைந்தே இருக்கும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது, சறுக்கும். எங்கெங்கே நிழல் நிற்கும் என்று உள்ளூர் டிரைவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினேன். டிரைவர் என் சுடிதாரின் துப்பட்டாவைக் காட்டி, காற்றில் பறக்காமல் கட்டிக்கொள்ளச் சொன்னார். தடுப்புச் சுவர் வரை போனேன். கீழே சரிவு முழுக்க உடைந்த கல். புல்கூட இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை. மேல் கின்னோர் மழை மறைவுப் பகுதி. பருவமழை மேகம் மலைகளைத் தாண்டி வருவதற்குள் காலியாகிவிடும். அதனால் சரிவு மொட்டையாகவே இருக்கிறது. கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ கார் உருண்டால் ஏதாவது ஒரு மரம் தாங்கும். இங்கே தாங்க ஒன்றுமில்லை. உருண்டால் நேராக ஆறு.

கீழே ஆறு சாம்பல் கலந்த பச்சையில் போய்க்கொண்டிருந்தது. சத்தம் மேலே வரை கேட்டது. தோழிகள் இருவரும் பேசவில்லை. நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன்.

ஆறு ஏன் திருப்பித் தரவில்லை?

அம்மாவின் கேள்விக்கு அங்கே நின்றபோதுதான் பதில் கிடைத்தது.

எங்களுக்குத் தெரிந்த ஆறு காவிரி. அது மணல் ஆறு. அகலமாக, வெள்ளம் இல்லாத நாளில் நிதானமாகப் போகும். அதில் அடித்துப்போகப்பட்டவரை மணல் திட்டிலோ, மதகிலோ, நாணல் புதரிலோ தேடுவார்கள். சட்லஜ் பாறை ஆறு. வீடு அளவு, பஸ் அளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தண்ணீர் அவற்றின் மேலே மட்டும் போவதில்லை. இடுக்கு வழியாகவும் அடி வழியாகவும் போகிறது. சல்லடை மாதிரி. தண்ணீர் புகுந்து வெளியே வந்துவிடும். ஆள் வர முடியாது.

அடுத்தது குளிர். பிப்ரவரி சட்லஜின் தண்ணீர் பனியிலிருந்து நேராக வருவது. உறைநிலைக்கு மிக அருகில். அப்படிப்பட்ட தண்ணீரில் விழும் மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கு மீட்புப் படையினர் ஒரு கணக்குச் சொல்வார்கள்: 1 - 10 - 1. முதல் 1 நிமிடம், அதிர்ச்சியில் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். அதை அடக்க முடிந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அடுத்து 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். அதன்பின் ஏறக்குறைய 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். இது அமைதியான தண்ணீருக்கான கணக்கு. பாறைகளில் மோதி ஓடும் ஆற்றில் இந்த நேரமும் கிடையாது.

தேடுபவர்களுக்கும் அதே குளிர்தான். அந்த வாரத்தில் ஹிமாச்சலின் மேல் பகுதிகளில் பனி கொட்டி, நூற்றுக்கணக்கான சாலைகள் அடைபட்டிருந்தன. போலீஸ், தேசியப் பேரிடர் மீட்புப் படை, இந்தோ திபெத் எல்லைப் படை எனப் பலரும் இறங்கித் தேடினார்கள். ஆற்றின் இழுப்பு எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று பார்க்க, ஆள் எடையில் ஒரு பொம்மையை ஆற்றில் விட்டுக்கூடப் பார்த்தார்கள். வெதுவெதுப்பான நம் ஊர்த் தண்ணீரில் மூழ்கியவரின் உடல் இரண்டு மூன்று நாளில் தானாக மேலே வந்துவிடும். உறைகிற தண்ணீரில் அது நடக்காது. எங்கே சிக்கியதோ அங்கேயே இருக்கும். ஒவ்வொரு பாறை இடுக்காக மனிதர்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் நடந்தது. ஒன்பதாம் நாள், மஹுன் நாக் என்ற ஹிமாச்சல் அமைப்பைச் சேர்ந்த நீச்சல் வீரர்கள், விபத்து நடந்த இடத்துக்குச் சில கிலோமீட்டர் கீழே, ஆற்றுப் பாறைக்கு அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

அந்த மாநிலத்தில் ஆறு இப்படி வைத்துக்கொள்வது முதல்முறையும் இல்லை. 2014 ஜூன் 8-ல் மண்டி மாவட்டம் தலோட் என்ற இடத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும், அவர்களை அழைத்து வந்தவர் ஒருவரும், லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். எங்கே விழுந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சி வீடியோவாகவே இருக்கிறது. ஆனாலும் கடைசி மாணவர்வரை தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆனது.

ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிவது வேறு. அந்த இடம் கைக்கு எட்டுவது வேறு.

இது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. இந்தப் பாடத்தை நான் கின்னோரில் படிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே படித்துவிட்டேன்.

2019 அக்டோபர் 25. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. அந்த வருஷம் அக்டோபர் 27 தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் வெடி வெடிக்கவில்லை. அப்பாயி டிவி முன்னால் உட்கார்ந்து, பலகாரத் தட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தது.

குழந்தை எத்தனை அடியில் இருக்கிறது என்று கேமராவில் தெரிந்தது. முதலில் முப்பது அடிக்குள்தான் இருந்தது. பிறகு 88 அடிக்கு இறங்கிவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டி அடையலாம் என்று எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் இயந்திரத்தையே கொண்டுவந்தார்கள். இயந்திரம் பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் மணப்பாறைப் பாறை இமயம் மாதிரி சின்னப்பிள்ளை இல்லை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலான, வெந்து இறுகிய கிழட்டுப் பாறை. போர் போடுகிற அப்பாக்களுக்கு அது தெரியும். ஒவ்வொரு அடிக்கும் காசு எண்ணிக் கொடுத்தவர்கள். அக்டோபர் 29 அதிகாலையில் குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

கின்னோரில் பாறை இளகியதால் ஆபத்து. எங்கள் ஊரில் பாறை இறுகியதால் ஆபத்து. இரண்டு இடத்திலும் நாடே பார்த்துக்கொண்டிருந்தது, ஆட்கள் இருந்தார்கள், இயந்திரம் இருந்தது, பணம் இருந்தது. நிலம் வழிவிடவில்லை.

கிணறும் அப்படித்தான். 2019 ஆகஸ்ட் 18-ல் எங்கள் திருச்சி மாவட்டத்துத் துறையூர் அருகே கோயிலுக்குப் போனவர்களின் சரக்கு வேன் சாலையோரக் கிணற்றுக்குள் பாய்ந்து 8 பேர் இறந்தார்கள். 2025 மே 17-ல் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் அருகே மீரான்குளத்தில், கோவையிலிருந்து திருவிழாவுக்குப் போன குடும்பத்தின் ஆம்னி வேன் சாலையோரக் கிணற்றில் விழுந்தது. 8 பேரில் 5 பேர் இறந்தார்கள். 3 பேர் தப்பினார்கள். வெளியூர் வண்டி, ஊருக்குத் தெரிந்த கிணறு. என் மாமாவின் கார் நின்ற நான்கு முழத்தை அன்றும் நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம்

மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் மறுபடி போவேன். ஆனால், மீட்பை நம்பிப் போகும் இடங்கள் அல்ல இவை. நடப்பதற்கு முன்னால் செய்வதுதான் கணக்கு. நான் கற்றுக்கொண்டவை இவை.

மலைச்சாலையில் உள்ளூர் டிரைவரை வையுங்கள். எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். “இன்னும் ஒரே ஒரு இடம் பார்த்துடலாம் அண்ணா” என்று மாலையில் கெஞ்சாதீர்கள். அவர் தொடர்ந்து எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்பதும் நம் வேலைதான்.

கல் விழும் பகுதி என்று பலகை இருந்தால் அங்கே செல்ஃபிக்கு நிறுத்தாதீர்கள். மேலே சின்னச் சின்னக் கல் உதிர்ந்தால், பெரியது பின்னால் வரலாம் என்று அர்த்தம்.

பின் சீட்டிலும் சீட் பெல்ட் போடுங்கள். உருளும் காரில் தூக்கி எறியப்படாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

வண்டி தண்ணீருக்குள் விழுந்துவிட்டால், மிதப்பது ஒன்றிரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே தள்ளி, நீங்களும் வெளியேற வேண்டும். கதவைத் திறக்கப் போராடாதீர்கள், வெளியே உள்ள தண்ணீர் அழுத்தம் விடாது. ஜன்னல் இறங்கவில்லை என்றால் பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் அடியுங்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, லேசில் உடையாது. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியலை டிக்கியில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஆற்றில், அணைக்குக் கீழே இறங்காதீர்கள். தண்ணீர் முழங்கால் அளவு இருப்பது பத்து நிமிடத்துக்கு முந்தைய செய்தி.

அவசரத்துக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. மலையில் சிக்னல் இருக்காது. எந்த வழியாக, எப்போது போகிறீர்கள் என்று கிளம்பும்போதே வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. உங்கள் நிலத்தில் கைவிட்ட போர் இருந்தால் இன்றைக்கே மூடுங்கள். பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சாலையோரம் கிணறு இருந்தால், இது ஊருக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். விழுகிறவர் அந்த ஊர்க்காரராக இருக்கப்போவதில்லை.

சுண்ணாம்பு

மாமாவின் கார் தப்பிய மறுநாள் காலையில், தாத்தா கிணற்றைச் சுற்றி இரண்டடிக்கு ஒரு கல்லாக நட்டு, எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். இருட்டில் சின்ன வெளிச்சம் பட்டாலும் பல் வரிசை மாதிரி தெரியும். தாத்தா இருந்தவரை வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பில் ஒரு வாளி அந்தக் கற்களுக்குப் போகும். அவர் போனபிறகு யாரும் அடிக்கவில்லை. எங்களுக்குத்தான் கிணறு தெரியுமே.

கின்னோரிலிருந்து வந்த அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நானும் அப்பாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனோம். ஏழு கல் சாய்ந்து கிடந்தது. இரண்டைக் காணவில்லை. நிமிர்த்தி நட்டு, கோரையை அறுத்துப்போட்டு, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். அம்மா டீ கொண்டுவந்தார். அப்போதுதான் அந்தக் கேள்விக்கு முழுப் பதிலைச் சொன்னேன். பாறை இடுக்கு, குளிர், ஒன்பது நாள் எல்லாம்.

அம்மா கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அந்த ரோட்டுல இந்த மாதிரி கல்லு நட்டு வச்சிருக்காங்களாடி?”

“வச்சிருக்காங்கம்மா. சில எடத்துல ஒடஞ்சு விழுந்துருச்சு.”

அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த மட்டையை வாங்கி, நான் அடித்து முடித்த கல்லுக்கே இன்னொரு பூச்சு அடிக்க ஆரம்பித்தார்.